இடிய இடிய நின்ற பீடபூமி

மண்ணக்கா காலையிலிருந்தே மண் பிசைந்துகொண்டிருந்தாள். அருங்காட்சியகத்துக்கு மண்ணால் மலைகளும் ஆறுகளும் செய்து தருகிறவள் அவள். மழையும் ஆறும் அரித்து அரித்துப் பீடபூமியை எப்படிச் செதுக்குகின்றன என்று ஒரு தொட்டிக்குள் காட்ட வேண்டும். இன்றைக்கும் சொதப்பினால் தொட்டியைத் தூக்கிவிட்டு டிவி மாட்டப்போவதாகத் தலைமை அதிகாரி சொல்லிவிட்டார். டிவி வந்தால் மண்ணக்கா எதற்கு?

முதலில் முழுக்க மண்ணால் கட்டினாள். குழாயைத் திறந்ததும் கூழாகிவிட்டது. பயந்துபோய் அடுத்ததில் அடிமுதல் முடிவரை சிமெண்ட் கலந்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான், ஒரு பொட்டு மண் அசையவில்லை. இந்த முறை மேலே மட்டும் சிமெண்ட் தகடு, அதிலும் வேண்டுமென்றே கீறிய விரிசல்கள். கீழே வெறும் மண்ணும் மணலும்.

குழாய் வேலை பார்க்கும் அவள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "அடி மண்ணு கரைஞ்சா மேல இருக்கிறது இடிஞ்சு விழுமேக்கா!"

"விழட்டும்டா! விழவே கூடாதுன்னு கட்டினதுதான் நாம பண்ண தப்பு. குழாயத் திற."

பள்ளிப் பிள்ளைகளும் தலைமை அதிகாரியும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் விரிசல்களில் இறங்கி அடி மண்ணைக் குடைந்தது. சிமெண்ட் விளிம்பு அந்தரத்தில் தொங்கியது. சட்டென்று ஒரு பெரிய துண்டு பொத்தென்று விழுந்தது.

"போச்சு! நிறுத்துங்க!" என்று அதிகாரி கத்தினார்.

"கை வைக்காதீங்க சார்!" அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பதே மண்ணக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

இன்னொரு துண்டு விழுந்தது. விழுந்த இடத்தில் செங்குத்தான சுவர் நின்றது. ஓரம் பின்வாங்கிக்கொண்டே போனது, ஆனால் உச்சி மட்டும் மேசைபோலத் தட்டையாகவே இருந்தது. தண்ணீர் நடுவே வாய்க்கால் வெட்டிப் பிளந்ததும், தட்டைத் தலையோடு ஒரு குட்டி மலை தனியாகப் பிரிந்து ராஜா மாதிரி நின்றது.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. மண்ணக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"விட்டா இதுவும் கரைஞ்சிடும் சார்" என்றாள். "நெஜ மலைக்கும் அதே கதிதான். என்ன, அதுக்குக் கோடி வருஷம் ஆகும்."

அதிகாரி தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கரையட்டும்மா. நாளைக்கு வேற பள்ளிக்கூடம் வருது. மறுபடியும் கட்டு!"