டிவிப் பக்கத்து நாற்காலிகள்

நாற்காலிகளை நான்தான் போட்டேன். டிவிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு. எல்லாவற்றின் முதுகும் சுவருக்கு, முகம் சோபாவுக்கு. அப்படி உட்கார்ந்தால் டிவியில் ஓடுவது ஒன்றும் தெரியாது. நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து ஒன்றைத் திருப்பிப் போட்டேன்.

"திருப்பாத தம்பி," என்றார் குணபூசணி ஆன்டி. "படத்த நாங்க அப்புறம் பாத்துக்குவோம். இன்னிக்கு இதுங்க ரெண்டு பேரு மொகத்தப் பாக்கணும்."

ஒன்று ஆன்டியின் மகள் சிவமலர், இருபது வயது. மற்றது மூசா, கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதின் மகன், வயது இருபத்து நான்கு. இரண்டு பேருக்கும் ஆட்டிசம் என்று ஒரே டாக்டர்தான் சொல்லியிருந்தார். வீடியோ கேசட் லண்டனில் இருக்கும் ஆன்டியின் தம்பி அனுப்பியது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனைப் பள்ளிக்கூடத்தில் மற்ற மாணவர்கள் படுத்தும் பாடுதான் படம். மலரும் மூசாவும் அதைப் பார்த்து எப்படி உருகுகிறார்கள் என்பதை ஆன்டி மாதர் சங்கத்தில் போய்ப் பேச வேண்டும்.

"ஒங்க அம்மாவுக்குப் பேசி அனுப்புவியே, அந்த ரெக்கார்டர எடுத்திட்டு வா. என்ன சொல்லுதுங்கன்னு எல்லாத்தையும் பதிவு பண்ணு."

தொண்ணூற்று இரண்டாம் ஆண்டு அது. பிரிக்பீல்ட்ஸில் அந்த வீட்டின் பின்னறைக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விசா முடிந்து ஐந்து மாதம். ஆன்டியின் கணவர் வீரசிங்கம் அங்கிள் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்குத் தூரத்து உறவு. தெரிந்த அதிகாரி ஒருவரிடம் என் பெர்மிட் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவது, நாற்காலி போடுவது, எதற்கும் ஓம் என்று தலையாட்டுவது என் வேலை. அம்மாவும் அக்காவும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார்கள். மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவேன். ஒவ்வொன்றிலும், 'இஞ்ச எல்லாரும் நல்ல ஆக்கள் அம்மா' என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன்.

மூசாவின் அம்மா முத்து பீவி, அங்கிள், ஆன்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். ஐந்து நாற்காலியும் நிறைந்தது. வீடியோவுக்குப் பக்கத்தில் தரையில் நான்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அந்தப் பையன் ஒரு சலவைக் கடைக்குள் போகிறான். வரிசையாகக் கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து துணி சுற்றுவதைப் பார்க்கிறான். பேச்சு இல்லை, இசை இல்லை.

"இது போரிங் பார்ட்," என்றார் ஆன்டி. எல்லோரும் டீ எடுக்க எழுந்து போனார்கள்.

சோபாவில் இரண்டு பேரும் முன்னால் குனிந்தார்கள். மூசாவின் உள்ளங்கை முழங்காலின் மேல் வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. மலரின் விரல்கள் காதோரம் படபடத்தன. மழை பெய்யும்போதும் ரயில் போகும்போதும் அவள் அப்படித்தான் செய்வாள்.

"செவப்புச் சட்டை ரெண்டாவது மெஷின்ல," என்றாள்.

"மூணாவதுல காட்டன்," என்றான் மூசா. "கனமான காட்டன். மெதுவாச் சுத்துது பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்கு முன் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. டீக் கோப்பைகளோடு மற்றவர்கள் திரும்பி வந்தபோது அந்தக் காட்சி முடிந்துவிட்டது.

பிறகு கக்கூஸ் காட்சி. நான்கு மாணவர்கள் பையனின் ரொட்டியைக் கக்கூஸ் கிண்ணத்தில் முக்கி எடுத்து அவன் வாயில் திணிக்கிறார்கள். கேமரா அவன் வாய்க்குக் கிட்டே போகிறது. மோவாயில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் வயலின். மலர் காதைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியில் இருந்த ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தார்கள், சோபாவைப் பார்த்து.

மூசாவின் தொண்டை மேலும் கீழும் போனது. இரண்டு கையாலும் வாயைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினான். பாத்ரூம் வரை போக முடியவில்லை. நடையிலேயே வாந்தி எடுத்தான்.

"பாருங்க, எவ்வளவு ஃபீல் பண்றான்," என்று ஆன்டி கண்ணைத் துடைத்தார். "தம்பி, பதிவாகுதா?"

பதிவாகியது. அவன் குமட்டியது, முத்து பீவி அழுதுகொண்டே தரையைத் துடைத்தது, எல்லாம். ரெக்கார்டரை அமத்தி நிறுத்தலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். ஆன்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்துவிட்டேன். அந்த விரலைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்தப் பையன் தப்பா நடிக்கிறான்," என்றாள் மலர். "அழுதுகிட்டு கைய ஆட்டுறான். நான் சந்தோஷமா இருந்தாத்தான் ஆட்டுவேன். யார் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது?"

அதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசிக் காட்சியில், கொடுமை செய்தவர்களின் தலைவனைப் பையன் பள்ளித் திடலில் கட்டிப்பிடிக்கிறான். திரை வெள்ளையாகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"அவன் கை கழுவுனானா?" என்று மலர் கேட்டாள்.

"யாரு?"

"கட்டிப்புடிச்சிட்டு. கழுவுனானா? ரிவைண்ட் பண்ணு."

மூன்று தடவை ரிவைண்ட் செய்தேன். கழுவவில்லை. வெள்ளைத் திரைதான்.

"மார்க்கிரட் என் தண்ணி பாட்டில்ல துப்புவா," என்றாள் மலர். பஸ் நம்பர் படிக்கிற அதே குரல். "ஸ்கூல்ல, ஃபார்ம் டூ படிக்கும்போது. ரீசஸ்ல. மொதல்ல அவ, அப்புறம் மத்தவங்க. குடிச்சா கேம்ல சேத்துக்கறேன்னு சொன்னா. குடிச்சேன். பதினாலு நாள்."

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார். ஆன்டிக்கு இப்போது கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் கண் நிறைந்துதான் போனது.

"எந்த மார்க்கிரட்? மிசஸ் அந்தோனிப்பிள்ளை மகளா? டீச்சர் ட்ரெய்னிங்ல இருக்காளே, அவளா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே படத்துல வர்ற மாதிரி இருக்கே," என்றார்.

அன்று மாலையே போன் சுற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கப் பெண்கள் வீட்டுக்கே வந்து படம் பார்ப்பார்கள். மார்க்கிரட்டும் அவள் அம்மாவும் வருவார்கள். படத்தில் கட்டிப்பிடிக்கும் காட்சி வரும்போது மார்க்கிரட் எழுந்து போய் மலரைக் கட்டிப்பிடிப்பாள். அதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

மூசா வரமாட்டான். முத்து பீவி போனில் சொன்னது ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. "வீட்டுல இருந்த ரொட்டிய எல்லாம் கொண்டுபோய் சாக்கடையில போட்டுட்டாம்மா. நாலு நாளா சோறுகூட மோந்து மோந்துதான் திங்கிறான். அந்தப் படத்துக்கு நாங்க வரலம்மா, மன்னிச்சுக்குங்க."

வியாழக்கிழமை நான் துணி காயப்போடும்போது மலர் பின்வாசலுக்கு வந்தாள்.

"சண்முகரத்தினம்." பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் என்னைக் கூப்பிடுவது அவள் ஒருத்திதான். "ஞாயித்துக்கிழமை மார்க்கிரட் என்னத் தொடுவாளா?"

சொந்த அம்மா தொட்டாலே அவள் மூன்று வரை எண்ணிவிட்டு விலகிக்கொள்வாள்.

"வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோவன்."

"ஏழு தடவ சொல்லிட்டேன். படத்துல அந்தப் பையன் செஞ்சானே, ஒனக்கு என்னங்கிறாங்க. நீ சொல்லு."

அடுப்படிக்குப் போனேன். "ஆன்டி, மலருக்கு ஆரும் தொட்டால் பிடிக்காதெல்லே. அதுதான்..."

"பழகிக்கணும் லா தம்பி." ஆன்டி உருளைக்கிழங்கு நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீ இங்க புதுசு. ஒனக்கே இன்னும் பெர்மிட் வரல. எங்க வீட்டு விஷயம் ஒனக்கு எதுக்கு?"

எனக்கு அது போதும். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மலர் கொடிக் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு நாற்காலி. காலையில் இருந்தே வீடெல்லாம் கறிபாப் பலகாரம் பொரித்த எண்ணெய் வாசனை. வந்த பெண்கள் மேல் பவுடரும் சென்ட்டும். படம் தொடங்கும் முன்பே எல்லோரும் கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். மார்க்கிரட் ஓரத்து நாற்காலியில் நகத்தைக் கடித்தபடி இருந்தாள்.

மலர் வந்தாள். சோபாவுக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, வரிசையின் மறு ஓரத்தில் போட்டு, சோபாவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"மலர், அங்க போய் ஒக்காரு."

"எல்லாரும் இங்கதானே ஒக்காந்திருக்கீங்க. நானும் பாக்குறேன்."

"எதப் பாக்கப்போற?"

"சோபாவ."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஆன்டி கண்ணைக் காட்டினார், மலர் அசையவில்லை. நான் படத்தைப் போட்டேன். காலிச் சோபாவைப் பார்த்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவர் தலையணை உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீயாவது போய் ஒக்காரு," என்று ஆன்டி பல்லைக் கடித்துச் சொன்னார். பிறகு மற்றவர்களிடம், "இந்தத் தம்பி யாழ்ப்பாணத்துல இருந்து தப்பிச்சு வந்தது. ரொம்பப் பட்டிருக்கு, பாவம்."

நான் விமானத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டு வந்தவன். அதைச் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த இடத்தின் சங்கதி தெரிந்தது. ஏழு முகம். உதடு கொஞ்சம் திறந்து, கண் ஈரமாகத் தயாராகி. பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு வரப் பார்த்திருப்பவர்களின் முகம். மலர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த தலையணையைப் பார்த்தாள்.

கக்கூஸ் காட்சி வந்தது. "அங்க ஆர்மிக்காரனும் இப்படித்தான் பண்ணுவானா தம்பி?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இவர்களுக்கு வேண்டியது ஒரு அழுகை. அதை நான் கொடுத்துவிட்டால் மலரை விட்டுவிடுவார்கள். அழுதேன். ஒரு வேலை மாதிரித்தான் தொடங்கினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. ஏழு கைக்குட்டையும் எழும்பியது. மிசஸ் அந்தோனிப்பிள்ளை எழுந்து வந்து இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார். கையில் கறிபாப் எண்ணெய். அவருடைய கண்ணீர் என் மூக்கில் விழுந்து உதட்டுக்கு வழிந்தது. நெற்றியில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தார்.

"அழு தம்பி. நல்லா அழு. எல்லாம் வெளிய வரட்டும்."

எனக்கு வெளியே வரப் பார்த்தது காலைச் சாப்பாடு. விழுங்கிக்கொண்டேன்.

அது போதவில்லை. கடைசிக் காட்சி வந்ததும் ஆன்டி மார்க்கிரட்டைப் பார்த்துத் தலையாட்டினார். மார்க்கிரட் எழுந்தாள். அவள் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள், மூக்கெல்லாம் சிவந்து. கைகளை விரித்துக்கொண்டு மலரை நோக்கி வந்தாள். மலர் நாற்காலியின் விளிம்பை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணத் தொடங்கினாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மார்க்கிரட்டுக்கும் மலருக்கும் நடுவில் நின்றேன். விரித்த கைகள் என் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. சங்கத்துப் பெண்கள் முன்னால், பெற்ற தாய் முன்னால், கல்யாணமாகாத பெண்ணும் ஊர் பேர் தெரியாத ஒருவனும். சூடான சட்டியைத் தொட்டவள் போல அவள் கையை இழுத்துக்கொண்டாள். இடப் பக்கமாகச் சுற்றி வரப் பார்த்தாள், நானும் நகர்ந்தேன். வலப் பக்கம் போனாள், அங்கேயும் நான். பார்ப்பவர்களுக்கு நான்தான் அந்தக் கைக்குள் புக அலைகிறேன் என்று தோன்றியிருக்கும்.

"என்ன அசிங்கம் இது," என்று ஒரு குரல் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால் மலர் பேசினாள். "மார்க்கிரட், நீ பதினாலு நாள் துப்புன."

"அப்ப சின்னப் புள்ளைங்க லா மலர். சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சது. சாரி சொல்லத்தான் வந்தேன்."

"அங்கயே நின்னு சொல்லு."

மார்க்கிரட் தன் அம்மாவைப் பார்த்தாள். "சாரி."

"கேட்டிச்சு. கட்டிப்புடிக்க மாட்டேன். அந்தப் பையனும் கட்டிப்புடிச்சிருக்கக் கூடாது. அவன் வாயில அந்தத் தண்ணி இருந்திச்சு."

திரை வெள்ளையாகிவிட்டது. யாரும் கை தட்டவில்லை. டீ இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். கறிபாப் ஒன்றும் மிச்சமில்லை.

தட்டுகளை அடுக்கியபடி, என்னைப் பார்க்காமல் ஆன்டி சொன்னார்: "வயசுப் பொண்ணு முன்னாடி போய் அப்படி நிக்கிறியே. நாளைக்கு என்ன பேசுவாங்க? மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்க தம்பி."

அங்கிள் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "கிள்ளான் பக்கம் மேருவுல ஒரு ஃபேக்டரி இருக்கு. தங்க எடம் குடுப்பான். கேட்டுச் சொல்றேன்," என்றார். பெர்மிட் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்வாசல் குழாயில் முகம் கழுவினேன். மலர் சவர்க்காரத்தைக் கொண்டுவந்து தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நெத்தியில லிப்ஸ்டிக் இன்னும் இருக்கு."

திரும்பவும் கழுவினேன்.

"இன்னும் இருக்கு."

மூன்றாவது தடவை தோல் எரிந்தது. "இப்பச் சரி," என்றாள்.

பொழுதுபட ஆன்டியும் அங்கிளும் கோயிலுக்குப் போன பிறகு, பின்னறையில் புதுக் கேசட்டைப் போட்டு ரெக்கார்டரை அழுத்தினேன். "அம்மா, நான் சுகமா இருக்கிறன். இஞ்ச எல்லாரும்," என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவுக்கு வெளியில் மலரின் குரல் கேட்டது. "சண்முகரத்தினம், வாஷிங் மெஷின் சீன் போடுறியா? நாற்காலிய எல்லாம் நான் எடுத்துட்டேன்."

ரெக்கார்டரை அமத்திவிட்டு எழுந்து போனேன். அந்தக் கேசட்டை அப்படியேதான் அம்மாவுக்கு அனுப்பினேன்.