ஜன்னலோர நாற்காலியில் தூங்கியவர்

ஒரு வாரத்துக்கு வேண்டிய காலைகள் முழுவதையும் ஸ்ரீலட்சுமி ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்துவிடுவாள். திருவனந்தபுரம் வலியசாலையில் அவர்கள் வீட்டு மாடியறைக்குக் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. வெயில் அதன் வழியாக உள்ளே விழுந்து, எதிர்வீட்டுத் தென்னை மறைக்கும்வரை கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் புடவை மாற்றி, கோப்பை மாற்றி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து வெளியே எதையோ பார்ப்பதுபோல் இருந்து, ஓடிப்போய்க் கேமராவைச் சரிபார்த்து, திரும்ப ஓடிவந்து உட்கார வேண்டும். கோப்பையில் ஆவி பறக்க வேண்டுமென்றால் கீழேயிருந்து கிரீஷ் வெந்நீர் கொண்டுவர வேண்டும்.

"இன்னும் எத்தன நாள் பாக்கி?" என்பான் அவள் கணவன், படியில் மூச்சு வாங்கியபடி.

"வியாழன், வெள்ளி, சனி. பேசாத, வெளிச்சம் போகுது."

அவள் படத்தில் காட்டுவது அமைதியை. அந்த அமைதியில்தான் வீட்டுச் சாமான் விற்கும் தளிர் லிவிங் கம்பெனியின் கோப்பையும் திரைச்சீலையும் நாற்காலியும் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் காசில் வாங்கிய தளிர் கோப்பை ஒன்றை ஜன்னல் படியில் வைத்து இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டாள். கம்பெனியார் அனுமதி கேட்டு அதைத் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தார்கள். அப்புறம் சாஸ்தமங்கலத்தில் இருக்கும் அவர்கள் ஆபீசிலிருந்து அனூப் என்ற இளைஞன் நேரிலேயே வந்தான். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவன்.

"நம்ம சாதனத்த விக்க வேண்டா சேச்சி," என்றான். "படத்த பாக்கற ஆளுக்கு, அய்யோ, எனக்கும் இங்க வந்து இத்திரி, கொஞ்ச நேரம் இருக்கணும்னு தோணணும். அது தோணினா மதி, போதும். மத்ததெல்லாம் அவங்களே தேடி வாங்கிக்குவாங்க."

அப்படித்தான் நடந்தது. "உங்கள் காலையைப் பார்த்துத்தான் என் காலை தொடங்குகிறது" என்று யார் யாரோ எழுதினார்கள். அவளைப் பார்த்துத் தங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை மாற்றிய பெண்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். ஸ்ரீலட்சுமிக்குத்தான் உட்கார முடியாமல் போயிற்று. அடுப்பில் தாளித்துக்கொண்டிருக்கும்போது போனை எடுப்பாள். குளித்துவிட்டுத் தலை துவட்டும் முன் எடுப்பாள். நேற்றைவிட இன்று லைக் குறைந்திருந்தால் மனசு அரித்துக்கொண்டே இருக்கும். கூடியிருந்தால் நாளைக்கு என்ன செய்வது என்று அரிக்கும்.

"ஏட்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல இரியேன்," என்பாள் மாமியார் சிவகாமியம்மாள்.

அந்தச் சமயத்தில்தான் செண்பகவல்லி என்ற பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வள்ளியூர்க்காரர். ஐம்பது வயதிருக்கலாம். சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை திருவனந்தபுரத்துக்கு வந்து போகிறாராம். "ஊசி போட்டுவிட்டு வந்து தூக்கம் வராமல் கிடக்கும்போது உங்கள் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த தடவை வரும்போது அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்காரலாமா? தொந்தரவு என்றால் வேண்டாம் அம்மா" என்று எழுதியிருந்தார்.

ஸ்ரீலட்சுமிக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. படத்தில் தெரிவது நாலடி அகலம்தான். அதற்கு வெளியே இன்வர்ட்டரும், மடிக்காத துணி மூட்டையும், உடைந்த மின்விசிறியும், கம்பெனி அனுப்பிய காலி அட்டைப் பெட்டிகளும் கூரை முட்டக் கிடந்தன. வாங்க என்று பதில் போட்டுவிட்டு இரண்டு நாள் ராப்பகலாக எல்லாவற்றையும் இடம் மாற்றினாள். ஒரு மூலையிலிருந்து எடுத்தது இன்னொரு மூலையில் குவிந்தது.

செண்பகவல்லி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆட்டோவில் வந்தார். தலையில் ஒரு பருத்தித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். புருவம் உதிர்ந்த முகத்தில் சிரிப்பு மட்டும் பெரிதாக இருந்தது.

"எந்த ஊரு?" என்று தொடங்கினாள் சிவகாமியம்மாள், மோர் கொண்டுவந்து வைத்து. "வள்ளியூரா? அங்க எங்க சித்தப்பா மக வீடு இருக்குல்லா. நீங்க யாரு வீடு?"

செண்பகவல்லியின் சிரிப்பு சட்டென்று அணைந்துபோனது. "நாங்க கொஞ்சம் தள்ளி, சின்ன ஊரும்மா," என்று மட்டும் சொன்னார். மாடிப்படி ஏறும்போது ஸ்ரீலட்சுமியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யம்மா, ஊர்ல யாருக்கும் தெரியாது. தைராய்டுக்கு மருந்து எடுக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். எம் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். தாய்க்கு இப்பிடின்னு தெரிஞ்சா பயப்படுவாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் எப்பிடியாவது ஓட்டிரணும்."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

மாடியறைக்குள் நுழைந்ததும் செண்பகவல்லி சுற்றிலும் பார்த்தார். அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார், இன்வர்ட்டரைப் பார்த்தார், கடைசியில் ஜன்னலைப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நான் என்னவோ பெரிய பங்களான்னு நெனச்சிட்டம்மா!"

ஸ்ரீலட்சுமியும் சிரித்துவிட்டாள், முகம் எரிந்தாலும். செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். வெயில் போய்விட்டிருந்தது, ஜன்னலில் தென்னையோலைதான் ஆடிக்கொண்டிருந்தது. காப்பி எடுத்து வருகிறேன் என்று ஸ்ரீலட்சுமி கீழே போய்விட்டு வந்து பார்த்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். தலைத்துணி ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மடியில் மல்லாந்து கிடந்தது. மாதக்கணக்காகத் தூங்காத ஒருவர் தூங்குகிற தூக்கம் அது.

படம் எடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவள் கை எடுத்தது. குனிந்து, கோணம் பார்த்து, கோப்பையை ஜன்னல் படியில் ஒரு சாண் நகர்த்தி வைத்து எடுத்தது.

அவர் எழுந்து, வெட்கப்பட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போன பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்த நூற்றுக்கணக்கான காலைகளில் ஒன்றுகூட இப்படி இல்லை. அவளுக்கு அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கிரீஷிடம் காட்டினாள். அவன் "பாவம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். போதவில்லை. இதன் அருமை தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். அனூப்புக்கு அனுப்பினாள், வந்தவர் கதையையும் இரண்டு வரி எழுதி. "சும்மா பாக்கத்தான். போடக் கூடாது" என்றும் எழுதினாள். "அய்யோ சேச்சி" என்று அவன் பதில் போட்டான், கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

மறுநாள் கிழக்கேகோட்டைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது பைக்குள் போன் விடாமல் துடித்தது. யாரோ தெரிந்தவள் "கண்ணீர் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். எதற்கு என்று புரியாமல் திறந்தாள். தளிரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் செண்பகவல்லி தூங்கிக்கொண்டிருந்தார். கீழே, "ஒரு நீண்ட போராட்டம். ஒரு நாற்காலி. ஒரு நிம்மதியான தூக்கம்" என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதி, நாற்காலியின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

காய்கறியைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அனூப் போனை எடுக்கவில்லை. தம்பானூரில் பஸ்களுக்கு நடுவே ஆட்டோ அசையாமல் நின்றது. அவள் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. வழக்கமாக அவள் ஆசைப்படுகிற ஏற்றம்தான் அது.

"ஒண்ணு வேகம் போகாமோ?" என்றாள் டிரைவரிடம்.

"பறக்கான் பற்றில்லல்லோ சேச்சி," என்றார் அவர், பறக்கவா முடியும் என்பதுபோல்.

சாஸ்தமங்கலம் ஆபீசில் எல்லாருமே மகிழ்ச்சியாக இருந்தார்கள். அனூப்பின் மேலதிகாரி ஸ்வப்னா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு பேர் எழுதியிருக்காங்க பாருங்க ஸ்ரீலட்சுமி. நம்ம பேஜ்ல இதுக்கு முன்ன இப்படி வந்ததேயில்ல."

"அத எடுத்துருங்க மேடம்."

"முதல்ல இத வாசிங்க."

ஸ்வப்னா நீட்டிய போனில் கண் தானாக ஓடியது. என் அம்மாவும் கடைசியில் இப்படித்தான் தூங்கினார் என்று ஒருவர். நாளை எனக்கு முதல் ஊசி, இதைப் பார்த்தபின் பயம் குறைந்தது என்று இன்னொருவர். யாரும் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஸ்ரீலட்சுமி ஒரு கணம் நினைத்தாள். முகம் பாதிதானே தெரிகிறது. வள்ளியூரில் யார் இதைப் பார்க்கப்போகிறார்கள்? பிறகு மாமியாரின் சித்தப்பா மகள் ஞாபகம் வந்தது. அவளும் போன் வைத்திருக்கிறாள்.

"அவங்க தூங்கிட்டு இருந்தாங்க மேடம். நான் எடுத்தது அவங்களுக்கே தெரியாது," என்றாள். "அவங்க நோய் ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது."

ஸ்வப்னாவின் முகம் மாறிப்போனது. "அனூப், நீ அவங்ககிட்ட அனுமதி கேக்கலையா?"

"சேச்சி அனுவாதம் வாங்கியிருப்பாங்கன்னு..." என்று அனூப் இழுத்தான்.

"போடக் கூடாதுன்னுதானே எழுதினேன்?"

"எல்லா தடவையும் ஆத்யம் அப்படித்தானே சேச்சி எழுதுவீங்க," என்றான் அவன், குற்றம் சொல்லும் தொனி இல்லாமல். "நரைச்ச முடி படம், அம்மா கைப்படம், எல்லாத்துக்கும் முதல்ல வேண்டாம்னீங்க. போட்டப்புறம் சந்தோஷப்பட்டீங்க."

அது உண்மைதான்.

படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் வேறு பக்கங்கள் அதை எடுத்துப் போட்டிருந்தன. அவர்களுக்கெல்லாம் எழுதுகிறோம் என்றாள் ஸ்வப்னா. வாசல்வரை வந்து, "கொஞ்ச காலம் பிரேக் எடுத்துக்கலாம், ரெண்டு பேருக்கும் நல்லது" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் அவள் நடந்த நடை எழுதி மாளாது. சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து மாடி. செண்பகவல்லியிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் ஒருவேளை அவருக்குத் தெரியாமலே போய்விடலாம். போகாமலும் இருக்கலாம். கடைசியில் கிரீஷ்தான் போனை எடுத்து அவள் கையில் வைத்தான். "வேற யாராவது சொல்லித் தெரியிறதுக்கு நீ சொல்லிரு," என்றான்.

அவள் செண்பகவல்லியைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள்.

"நான் தூங்கும்போதா எடுத்தீங்க?" என்று அதை மட்டும் முதலில் கேட்டார்.

"ஆமாக்கா."

"தலையில துணி இருந்துதா?"

"சரிஞ்சிருந்துது."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்து அடங்கியது. "பொண்ணு வீட்ல இருக்கா, பொறுங்க," என்று கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் தணிந்து, ஆனால் கடுத்திருந்தது.

"மாப்பிள்ள வீட்ல நானே போய்ச் சொல்லிருதேன். இன்னிக்குத் தெரியுமோ நாளைக்குத் தெரியுமோன்னு தெனமும் செத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. என்னிக்காவது சொல்லத்தான் வேணும், அது எனக்கும் தெரியும். ஆனா எப்ப சொல்லணும், எப்பிடிச் சொல்லணும்னு மனசுல ஒண்ணு வச்சிருந்தேன். அத நீங்க எடுத்துட்டீங்கம்மா."

ஸ்ரீலட்சுமி மன்னிப்புக் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்து வந்த வாரங்களில் கம்பெனி ஆட்கள் வந்து நாற்காலியை எடுத்துப் போனார்கள். அவளும் காலைப் படங்கள் போடவில்லை. ஆனாலும் கை போனைத் தேடியது. எடுத்தால் செண்பகவல்லிக்கு அனுப்பிய செய்திகளைத்தான் பார்ப்பாள். அவர் பார்த்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் இல்லை. என்ன ஆயிற்று, அவர்கள் என்ன சொன்னார்கள், பெண் என்ன சொன்னாள் என்று எதுவும் தெரியாமல் அவள் துணியை மடித்துவிட்டு மறுபடியும் பிரித்து மடித்தாள்.

செண்பகவல்லியின் அடுத்த சிகிச்சை நாள், போன தடவை அவரே சொல்லியிருந்ததால், அவளுக்குத் தெரியும். அன்று காலை கிரீஷிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனாள். நாகர்கோவில் பக்கமிருந்து வந்த வண்டி நின்று, கூட்டம் இறங்கிப் பாதி கலைந்த பிறகு செண்பகவல்லி தெரிந்தார். பக்கத்தில் மகள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு; தாயின் மருந்துப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இத்தனை மாதமாகத் தனியே வந்துபோனவர் இன்று மகளோடு வந்திருக்கிறார்.

ஸ்ரீலட்சுமி தூணருகே நின்றாள். கிட்டே போகலாமா, அப்படியே திரும்பிவிடலாமா என்று கால் இரண்டும் இரண்டு பக்கம் இழுத்தன. செண்பகவல்லி அவளைப் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. நேரே வந்து எதிரில் நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?"

"தெரியலக்கா. வீட்ல இருக்க முடியல."

"மாப்பிள்ள வீட்ல யோசிச்சுச் சொல்லுதோம்னுட்டாங்க. இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காங்க," என்றார் செண்பகவல்லி. "இவ அதப்பத்தி அழல. எங்கிட்ட ஏன் மறச்சேன்னுதான் மூணு நாள் அழுதா."

மகள் ஸ்ரீலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானா அது?" என்றாள். அதில் அன்பும் இல்லை, முழுக் கோபமும் இல்லை.

"நான்தான்."

பின்னால் வந்த கூட்டம் மூவரையும் படிக்கட்டுப் பக்கம் தள்ளியது. செண்பகவல்லி தடுமாறி, கைக்கு எட்டிய ஸ்ரீலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டார். நிலைப்பட்ட பிறகும் உடனே எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரில சீட்டு போடுத எடத்துல மலையாளத்துல கேப்பாங்க. இவளுக்கு ஒண்ணும் வெளங்காது," என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வாரதுன்னா வாங்க. போன பைக்குள்ள போட்டுட்டு வாங்க."

ஸ்ரீலட்சுமி போனைப் பைக்குள் போட்டு, ஆட்டோ பிடிக்க முன்னால் ஓடினாள்.