ஹோர்ன் அடித்த அண்ணை

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, புதிதாக வருகிற கேம்களில் எது நல்லது, எது பிழை என்று சாந்தரூபன் யூடியூபில் தமிழில் சொல்லுவான். வழக்கமாகப் பார்ப்பவர்கள் நாற்பது ஐம்பது பேர். 2016 ஒக்டோபரில் போட்ட வீடியோவை மட்டும் ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றி அவன் ஒருவரிடமும் பெருமை பேசவில்லை.

அது துவக்கால் சுடுகிற கேம். திரையில் துவக்குப் பிடித்த கை மட்டும் தெரியும். கைக்குச் சொந்தக்காரன் விளையாடுகிறவன்தான். இடையிடையே லொறியும் ஓட்டவேண்டும். சுடுகிற பகுதி அருமை என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஓட்டத்தைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் அவன் சைக்கிளுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. ஆகவே, அதே வீட்டில் கூட இருந்த ஏர்னஸ்றைக் கூப்பிட்டான்.

ஏர்னஸ்ற் வன்னிக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். ஊரில் லொறியும் உழவு ரக்ரரும் ஓட்டியவர். இப்போது ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிறார்; சாந்தரூபன் அதே கடையில் கோப்பை கழுவுகிறான். திங்கட்கிழமை கடை பூட்டு; அன்றும் திங்கள்.

"அண்ணை, ஒருக்கா ஓடிப் பாத்துச் சொல்லுங்கோவன்."

"உதுக்கு லைசென்ஸ் கேக்கமாட்டாங்களோடா?" என்று சிரித்தபடி அவர் வந்து உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் நல்லாய்ப் போயிற்று. "பாரம் ஏத்தின லொறிதான். வளைவிலை பின்பக்கம் இழுக்குது பார். செய்தவன் ஓடத் தெரிஞ்சவன்."

பிறகு ஒரு கிராமத்துத் தெரு வந்தது. மூட்டை முடிச்சோடு சனம் குறுக்கே ஓடியது. நிற்காதே என்று கேம் சொன்னது. ஏர்னஸ்ற் பிறேக் போட்டு ஹோர்ன் அடித்தார். "விலகுங்கோ! பிள்ளை, விலகு! அம்மா, கரைக்குப் போங்கோ!" திரையில் ஒருவரும் விலகவில்லை. பின்னாலிருந்து வெடி விழுந்து திரை சிவந்து ஆட்டம் முடிந்தது. திரும்பத் தொடங்கினார், அதே இடத்தில் திரும்ப நின்றார். நாலு முறை. சாந்தரூபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கே அந்தத் துண்டை வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'ஹோர்ன் அண்ணை' என்று பெயர் வைத்துப் போட்டுவிட்டான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதன்கிழமை, சிரிப்பு சேர்க்காத மூலப்பதிவை ஹெட்போனில் கேட்டான். நாலாவது முறை திரை சிவந்த பிறகு, ஏர்னஸ்ற் மெல்லச் சொல்லியிருந்தார்: "இண்டைக்கும் ஏலாமல் போச்சு."

வன்னியில் ரக்ரர் ஓட்டியவர் என்று அவனுக்குத் தெரியும். எந்த வருடத்தில், எந்தத் தெருவில் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உடனே அழித்திருக்கவேண்டும். ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு அழிப்போம் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னான். அவன் பிந்தி வருகிற நாளெல்லாம் ஏர்னஸ்ற் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தார். அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் கை கூசியது.

அடுத்த திங்கள் காலை எழும்பியதும் வீடியோவை அழித்தான். ஏர்னஸ்ற் வழக்கம்போல, நகரத்தின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார். பலெர்மோத் தமிழர் சைவமானாலும் வேதம் என்கிற கிறிஸ்தவமானாலும் நேர்த்தி வைத்து வெறுங்காலோடு அந்த மலை ஏறுவார்கள்.

"அண்ணை, நானும் வாறன்."

"உன்ரை பிள்ளையார் கோவிக்கமாட்டாரோ?"

"பிள்ளையாற்றை தம்பியும் மலையிலைதானே அண்ணை இருக்கிறார்."

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். தோளில் பையோடு ஏர்னஸ்ற் பின்னால் வந்தார். மூன்றாவது வளைவில் நின்று திரும்பினான்.

"அண்ணை, நீங்கள் கேம் விளையாடினதை வீடியோவாப் போட்டனான். உங்களைக் கேக்கேல்லை. சனம் சிரிக்கட்டும் எண்டு போட்டனான். காலமை அழிச்சிட்டன்."

"தெரியும். வியாழக்கிழமை என்ரை மகள் நிசாந்தி ஊரிலையிருந்து அனுப்பினவள்."

வியாழக்கிழமை. அதற்குப் பிறகும் நாலு நாள் சோறு மூடி வைத்திருக்கிறார்.

"பேசியிருக்கலாமே அண்ணை."

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." மதில் கல்லில் உட்கார்ந்தார். "ரெண்டாயிரத்தி ஒன்பதிலை, கடைசிச் சண்டையிலை ரக்ரரிலை காயக்காரரை ஏத்திக்கொண்டு போனனான். றோட்டு நிறையச் சனம். ஹோர்ன் அடிக்க விலகிச்சினம், தம்பி. செல் விழேக்கையும் விலகி வழி விட்டதுகள். ஒரு பொம்பிளை கையிலையிருந்த சட்டியைப் போட்டிட்டு, எனக்கு முன்னாலை ஓடி ஓடிச் சனத்தை விலத்திவிட்டவ. நான்தான் ஆசுப்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேரேல்லை."

சாந்தரூபன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான்.

"உன்ரை கேமிலை அதுதான் பிழை," என்றார் ஏர்னஸ்ற். "ஹோர்ன் அடிச்சாச் சனம் விலகும். அது தெரியாதவன் செய்திருக்கிறான். அதைச் சொல்லு."

பிறகு தன் பையைத் திறந்து, அடிவாரத்தில் அவன் விட்டுவந்த செருப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "போடு. கால் வெடிச்சிருக்கு. சந்தா ரொசாலியா கோவிக்கமாட்டா."

மன்னிப்பு எவ்வளவோ பெரிய சொல். அவனுக்கு அது ஒரு சோடி ரப்பர்ச் செருப்பாய் வந்தது. அவன் போட்டுக்கொண்டான்.

பின்னேரம் புதிதாக ஒரு வீடியோ பதிந்தான். சுடும் பகுதியின் சிறப்பைச் சொன்னான். சனத்தை மரமாய்ச் செய்து வைத்த பிழையைச் சொன்னான். குசினியிலிருந்து ஏர்னஸ்ற் எட்டிப் பார்த்தார்.

"டேய், வளைவிலை இழுக்கிறதையும் சொல்லு. அது பாவம், நல்லாத்தான் செய்திருக்கிறான்."

"அண்ணை, உங்கடை குரலும் பதியுது. வெட்டவோ?"

அவர் கையைத் துடைத்தார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றுவிட்டுச் சோற்றை இறக்கப் போனார்.