பெயர், கேள்வி, பதில்

பார்லரின் பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து நர்ஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. மூக்கால் ஒரு தரம் இழுத்து, அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. ஒன்பது வருஷமாக அவளோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழ்கிற லென்ஸுக்கு அந்தச் சிரிப்பைப் பற்றி ஒன்று நிச்சயமாகத் தெரியும். அது தனக்கு மட்டுமே பாத்தியப்பட்டது.

இன்றைக்கு அதை வேறொருத்தி சம்பாதித்துக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் என்பது அச்சகத்தில் வைத்த பெயர். புரூஃப் பார்ப்பது அவள் வேலை. மருந்து லேபிளில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தாலும், கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயர் மாறியிருந்தாலும் எட்டடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கண்ணுக்கு, வக்கீலின் முழங்கை நர்ஸின் முழங்கையை இடித்துக்கொண்டிருப்பது திரைக்கு நடுவிலிருந்த விரல் அகல இடைவெளியிலேயே தெரிந்தது.

வக்கீல் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சட்டம் படித்தவள், ஒல்லி, குரல் வேறு ரேடியோவில் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி. அந்தக் குரலால்தான் வினை.

பார்லர் அக்கா திருநங்கை. இருபது வருஷமாக முடி வெட்டுகிறாள். அவள் தலைமையில் ஏழு பேர் கொண்ட அந்தக் குழு ஒவ்வொரு வார்டு தேர்தலுக்கும் ஒரே ஒரு வேலையைச் செய்யும். வேட்பாளர்களிடம் ஐந்து கேள்விகளைக் கொடுத்து, கையெழுத்தோடு பதில் வாங்கி, ஒரு எழுத்து மாற்றாமல் அச்சடித்து வார்டில் வீடுவீடாகக் கொடுப்பது. இவருக்குப் போடுங்கள், அவருக்குப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. படித்துவிட்டு அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும். போன தடவை ஒரு வேட்பாளர், தாளில் ஒரு பொய்யைக் காட்டினால் மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று எதிர்க்கட்சிக்காரனிடம் சவால் விட்டார். மீசை தப்பியது. அந்தத் தாளுக்கு வார்டில் அவ்வளவு பெயர்.

பெயர் கெடாமலிருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் கையெழுத்திட்ட மூலத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் புரூஃபில் டிக் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் வேட்பாளர் பெயர், கேள்வி, பதில் என்று மூன்றையும் சொல்லியே ஆக வேண்டும். முடிந்ததும் இருவரும் கீழே சுருக்கொப்பம் போட வேண்டும்.

இரண்டு தேர்தலாக நர்ஸ் படித்தாள், லென்ஸ் டிக் அடித்தாள். சொல்லப்போனால் அவர்கள் குடித்தனமே அந்த மேஜையில்தான் ஆரம்பித்தது. ஒரு மருத்துவமனைமேல் அக்கா கொடுக்கவிருந்த புகாரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து நர்ஸ் படிக்க, லென்ஸ் பென்சிலை வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை நர்ஸ் சாவகாசமாகச் சொல்லிவிட்டாள், நாள் பூரா அச்சகத்திலயும் எழுத்து, இங்கயும் எழுத்தா, உன் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு, வக்கீல் படிக்கட்டும், நான் டிக் அடிக்கறேன், நாங்க பார்த்துக்கறோம் என்று.

நாங்க. அந்த ஒரு வார்த்தையை லென்ஸ் மனசுக்குள் வட்டம் போட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழன் மதியம். தாள் அச்சகத்துக்கு வந்தது. வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை. கீழே இரண்டு சுருக்கொப்பங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. லென்ஸ் அதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு பழக்கதோஷத்தில் மேலே பார்த்தாள்.

மூன்றாவது கேள்வி: ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதற்காகவோ, திருநங்கை, திருநம்பி என்பதற்காகவோ வாடகை வீட்டை மறுக்கக் கூடாது என்று தீர்மானம் வந்தால் ஆதரிப்பீர்களா?

போட்டி மூன்று பேருக்குள். ஒருவர் பதிலே தரவில்லை, தாளிலும் அப்படியே போட்டிருந்தது. லென்ஸும் படித்திருந்த மூலத்தில் பெயிண்ட் கடைக்காரர் முடியாது என்று எழுதியிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள் ஆமாம் என்று எழுதியிருந்தாள்.

தாளில் இரண்டும் இடம் மாறியிருந்தன.

லென்ஸுக்கு நொடியில் கதை புரிந்துவிட்டது. டைப் அடித்தது வக்கீல். சின்னம் ஒதுக்கியதும் வேட்பாளர் வரிசை மாற, ஒவ்வொரு வரியாக மாற்றியவள் மூன்றாவதை விட்டுவிட்டாள். சரிபார்க்கும்போது சிரிப்பில் பெயரைச் சொல்லாமல் பதிலை மட்டும் படித்திருக்கிறார்கள். ஒரு ஆமாம், ஒரு முடியாது. இரண்டும் தாளில் இருக்கின்றன. டிக், டிக்.

நர்ஸோடு வாழ்கிறாள் என்று வீட்டுக்காரர்கள் விரட்டி இரண்டு தடவை வீட்டைக் காலி செய்தவள் லென்ஸ். அந்தக் கேள்வியை எழுதியவளே அவள்தான். வாயைத் திறந்தால் ஒரு நிமிஷ வேலை.

ஆனால் இந்தத் தாள் இப்படியே வெளியே போனால்? டைப் அடித்தவள் மாட்டுவாள். அக்காவுக்கு வருகிற கோபத்தில் வக்கீல் அந்தப் பின்னறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். மேஜையில் ஒரு நாற்காலி காலியாகும்.

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன லென்ஸு, ஓடவிடலாமா?"

"விடுங்கண்ணே" என்றாள் லென்ஸ். குரல் பிசிறவேயில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

வெள்ளி காலை ஏழு மணிக்கு மூவாயிரம் தாளும் பின்னறையில் கட்டுக்கட்டாக இருந்தன. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். லென்ஸ் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது, மனசு கடிகாரத்தைப் பார்த்தது. பெயிண்ட் கடைக்காரரை நல்லவர் என்று நம்பி எத்தனை பேர் போடுவார்களோ என்ற நினைப்பு வந்தது. அதை ஒரு முடிச்சுக்குள் வைத்து இறுக்கினாள்.

புதிதாக வந்த இரண்டு பேருக்கு நர்ஸ் விளக்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிய அம்மாளை நாலு தடவை போய்ப் பார்த்ததையும், மூன்று தடவை வாசலோடு அனுப்பியதையும், நாலாவது தடவை முட்டி வலிக்கு ஊசி போட்டுவிட்டுக் கேள்வியை நீட்டியதையும் சொல்லி, ஒரு தாளை உருவினாள்.

"பாருங்க, என்ன எழுதினாங்கன்னு. வாடகை குடுக்கறவங்க யாரோட படுக்கறாங்கன்னு எட்டிப் பார்க்கறது வீட்டுக்காரன் வேலையில்ல, தீர்மானம் வந்தா முதல் கை என்னோடதுன்னு..."

நர்ஸின் விரல் தாளில் நின்றுவிட்டது.

"இது யார் பேருக்குக் கீழ இருக்கு?"

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். வக்கீல் இன்னொரு தாளை உருவிப் பார்த்தாள், முகம் வெளுத்தது. லென்ஸ் இந்தக் காட்சியை நேற்றிலிருந்து இருபது தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். அதில் வக்கீல் மழுப்புவாள், நர்ஸ்மேல் பழி போடுவாள், அழுவாள்.

"என் தப்புக்கா" என்றாள் வக்கீல். "டைப் அடிச்சது நான். பேரைச் சொல்லாம படிச்சதும் நான்தான். பேரைச் சொல்லுன்னு நர்ஸக்கா சொன்னாங்க, நான்தான் விளையாட்டா விட்டுட்டேன். நான் விலகிக்கறேன்."

சனியன். தப்பை ஒத்துக்கொள்வதுகூட எவ்வளவு லட்சணமாக இருக்கிறது. அந்தக் குரலில் கேட்டால் கொலைக் குற்றத்தையே மன்னிக்கலாம் போலிருந்தது. நர்ஸ் அவளை எப்படிப் பார்த்தாள் என்பதையும் லென்ஸ் பார்த்தாள். நேற்றுப் போட்ட கணக்கில் இந்தப் பார்வை இல்லவே இல்லை. வக்கீல் வாசல் பக்கம் திரும்பினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் போய்விடுவாள்.

நர்ஸ் இன்னும் அந்தத் தாளை விடவில்லை. அந்த அம்மாள் வீட்டுக்கு நாலு தடவை நடந்த கால்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். நேற்று லென்ஸ் மெஷினில் ஓடவிட்டது வக்கீலின் தப்பை மட்டுமில்லை, இந்தக் கால்களின் நடையையும்தான்.

"நான் பார்த்தேன்" என்றாள் லென்ஸ்.

"என்னத்த?" என்றாள் அக்கா.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் ஓடவிடச் சொன்னேன்."

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. லென்ஸின் கண் நர்ஸிடமிருந்து வக்கீலுக்குப் போனதைப் பார்த்ததே அவளுக்குப் போதுமாயிருந்தது. இருபது வருஷமாக நாற்காலியில் உட்காரவைத்து ஊர்க் கதை கேட்டவள். புதியவர்கள் இருவரையும் கடைக்கு டீ வாங்க அனுப்பினாள்.

நர்ஸ் கிட்டே வந்தாள். சத்தம் போடவில்லை.

"பஸ் ஓட்டின அந்தம்மாவ வெச்சா பழி தீர்த்த? வாயைத் திறந்து என்னைக் கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா சிரிப்ப."

"சிரிச்சுத்தான் இருப்பேன். அவகிட்ட பேசினா எனக்குப் பிடிக்குது, அது நிஜம். அதுக்குமேல ஒண்ணுமில்ல. அதைக்கூட நீ கண்டுபிடிக்கலைன்னா, அப்புறம் என்ன லென்ஸு?"

நர்ஸ் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்று முழுக்க நிறுத்தித்தான் வைத்திருந்தாள்.

தப்பான பதில்களின் மேலே துண்டுக் காகிதம் ஒட்டிக் கொடுத்துவிடலாமா என்று வக்கீல் கேட்டாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டினால் கீழே என்ன இருக்கிறதென்று சுரண்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுத் தாளையே நம்ப மாட்டார்கள், மறுபடி அடித்து நாளைக் காலையில் கொடுப்போம் என்றாள். மெஷின்காரர் காலில் விழுவது லென்ஸின் பொறுப்பு. யாரும் விலக வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை.

"புதுத் தாளுக்கு வக்கீல் படிக்கட்டும். நீ டிக் அடி."

"நானா? அவகூடவா?"

"இந்த அறையில அவ தப்பை உன்னை மாதிரி தேடறவ வேற யாரு இருக்கா? உன் தப்பை அவ தேடட்டும். தாளுக்கு நல்லது."

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திரை விலகியே இருந்தது. அந்தப் பக்கம் நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு பழைய கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் பெயரைப் படித்தாள், கேள்வியைப் படித்தாள், பதிலைப் படித்தாள். லென்ஸ் டிக் அடித்தாள். நாலாவது கேள்வியில் வக்கீல் நிறுத்தினாள்.

"லென்ஸக்கா, பதில் தராதவருக்கும் டிக் போட்டீங்க. அவருக்கு இங்க 'பதில் தரவில்லை'ன்னு இருக்கணும். கட்டம் காலியா இருக்கு."

லென்ஸ் குனிந்து பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. பதினாறு வருஷ அச்சக வேலையில் அவள் கண்ணுக்குத் தப்பிய முதல் கட்டம். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவளின் தோள் லேசாகக் குலுங்கியது. மூக்கால் ஒரு தரம் இழுக்கிற சத்தம். வெடிக்கவில்லை, அடக்கிக்கொண்டாள்.

அந்த அரைச் சிரிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க லென்ஸால் முடியவில்லை. கட்டத்தை நிரப்பினாள். மீதியை முடித்தார்கள். வக்கீல் முதலில் சுருக்கொப்பம் போட்டுத் தாளை நகர்த்தினாள்.

லென்ஸ் அதன் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டாள். வக்கீலின் கையெழுத்தும் அழகாகத்தான் இருந்தது, சனியனுக்கு.