சிலந்திக்குக் கேட்ட தவணை

என் பயிர் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டிருந்தது. புகையான் பூச்சி. தூரைத் தட்டினால் தவிடு கொட்டியதுபோலப் பூச்சி உதிரும். இரண்டு தடவை மருந்தடித்தேன். அடிக்க அடிக்க வட்டம்தான் பெருத்தது. விளைச்சலில் பங்கு அளப்பதாக வாரத்துக்கு எடுத்த நிலம். இந்தப் போகமும் நெல் அளக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியாயிற்று. எழுபத்தெட்டாம் வருஷம் அது; இந்த வயதில் சேவூரில் எனக்கு வேறு நிலம் யார் தருவான்?

மூன்றாம் தடவைக்கு மருந்து கலக்கி நிமிர்ந்தால், என் வரப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் தேவகி டீச்சர். நிலக்காரர்தான் அளக்க அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"இன்னா டீச்சர், நான் இருக்கும்போதே நெலத்த அளந்துகினு கீறீங்க?"

"அளக்கலைங்க பெரியவரே. ஏழாவது பசங்களுக்குப் பாடம், எது எதத் தின்னுதுன்னு நூல் கட்டிக் காட்டறேன். இவன் நெல்லு, சின்னதுரை பூச்சி, ஜெயம் சிலந்தி, மாணிக்கவேல் தவளை."

"அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரிது," என்றான் சின்னதுரை. சிரிப்பு.

தறிக்காரர் கழித்துப்போட்ட பட்டு நூல் கைக்குக் கை ஓடியது. சிலந்தி செத்துப்போச்சு என்று டீச்சர் சொன்னதும் ஜெயம் நூலை விட்டாள். நாலைந்து பேர் கையில் நூல் தொய்ந்தது.

"மருந்துல சிலந்தியும் சாவுதுங்க. அப்புறம் முட்டையில இருந்து வர்ற பூச்சியத் தின்ன ஆளில்ல," என்றார் டீச்சர்.

"செரி. அடிக்காம வுட்டா பயிரு பொழைக்குமா? அதச் சொல்லுங்க."

டீச்சர் வயலைப் பார்த்தார். "தெரியலைங்க. ஒண்ணத் தொட்டா பத்து அசையுது. எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியல."

"இதச் சொல்லத்தான் கவர்மெண்டு சம்பளம் குடுக்குதா?"

"தாத்தா, கொஞ்சம் இருங்க," என்றாள் ஜெயம். "சிலந்திய நாங்க புடிச்சி வெச்சிகினு, மருந்து வேகம் அடங்கினதும் வுட்டுர்றோம்."

யார் எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்ளும் நிலையில் நான் இருந்தேன். "ஜல்தியா புடிங்க."

சேற்றில் இறங்கி டிபன் டப்பாவில் பிடித்துப் பிடித்துப் போட்டார்கள். நானும் குனிந்தேன். நான் பிடித்ததைப் போட ஜெயம் மூடியைத் திறந்தாள். உள்ளே உதிர்ந்த கால்கள். கொழுத்த சிலந்தி இரண்டு மூன்றுதான் மிச்சம்.

"டீச்சர்... ஒண்ண ஒண்ணு தின்னுகிச்சிங்க."

டீச்சர் டப்பாவை வாங்கிப் பார்த்தார்.

"டப்பாவுல பூச்சி இல்லியே, வேற இன்னாத்தத் தின்னும்?" என்றான் மாணிக்கவேல்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மருந்தை அடித்தாலும் பயிர் போகும், அடிக்காவிட்டாலும் போகும். வட்டம் மடைவரை வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க என்னால் ஆகவில்லை.

"காத்து உங்க பக்கம் அடிக்குது. பசங்கள இட்டுகினு மேட்டுக்குப் போங்க டீச்சர்," என்று மருந்தடிக்கிற மிஷினை முதுகில் ஏற்றினேன்.