முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில்

மாமா நான்காவது முறையாக வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டியரிங் இன்னும் கனமாத்தான் இருக்கு மாப்ள," என்றார்.

மாமா என் அக்கா வீட்டுக்காரர். அந்தப் பழைய காரை முப்பது வருஷமாகக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஓட்டுவது அவர் மட்டும்தான், இன்னொருத்தனைத் தொடவிட மாட்டார். அடுத்த வாரம் அவர் மகளுக்கே கல்யாணம். பெண்ணைத் தானே ஓட்டி அழைத்துப் போவேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷனை என்னவென்று திட்டுவது?

முதல் தடவை கோளாறு நிஜமாகவே இருந்தது. ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்பைச் சுழற்றும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது, ஆயிலும் பாதிதான். பெல்ட்டை இறுக்கி, ஆயில் ஊற்றி அனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். ஆயில் போகும் ஹோஸ் அடைத்திருக்கும் என்று அதை மாற்றினேன். அடுத்த தடவை பம்பையே மாற்றினேன். அந்தக் காலத்து வண்டிக்குப் பம்ப் தேடி நாயாய் அலைந்தது எனக்குத்தான் தெரியும். நான் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி திரும்பும். "அக்கா உங்களுக்கு ஒழுங்கா சோறு போடுறதில்லையா?" என்று கேலி வேறு செய்தேன். அவரும் சிரித்தார். ஸ்டியரிங் கனம் என்று ஒருத்தர் சொன்னால் வண்டியில்தான் தேடுவோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

புதுப் பம்பில் காற்று தங்கியிருக்கலாம். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினால் காற்று வெளியேறிவிடும். மாமாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, ஆயில் டப்பாவில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"இடது பக்கம் கடைசிவரைக்கும் திருப்புங்க மாமா."

சக்கரம் பாதியில் நின்றது.

"கடைசிவரைக்கும்னேன். தூக்கம் வருதா?"

"இதான் மாப்ள கடைசி."

நிமிர்ந்தேன். சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. திருப்புவதற்குப் பாரமே இல்லை. மாமாவின் நெற்றியெல்லாம் வியர்வை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒற்றை விரலால் தள்ளினேன். ஸ்டியரிங் கடைசிவரை போய் நின்றது.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஆறு வாரமாக இந்தக் கை என் கண்ணில் படவே இல்லை.

"எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?"

"முழங்கைய வச்சு அழுத்தித்தான்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"மொத தடவ உன்கிட்ட வர்றதுக்கு முந்தின வாரமே போனேன். நரம்பு வியாதியாம். கையில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போகுமாம். மருந்து இல்லன்னுட்டார்." ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தடவினார். "நீ பெல்ட்ட இறுக்கினதும் லேசாச்சு மாப்ள. டாக்டர் சொன்னது தப்பு, கோளாறு வண்டியிலதான்னு நெனச்சுட்டேன்."

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

"கல்யாணம் முடியிறவரைக்கும் உங்கக்காவுக்குத் தெரிய வேணாம். அன்னைக்கு நீயே ஓட்டு. ஸ்டியரிங் சரியாகலன்னு சொல்லிக்கலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்காவின் போன்.

"வண்டி ரெடியாடா?"

"இல்லக்கா. கல்யாணத்தன்னைக்கு நானே ஓட்டுறேன்."

"ஆறு வாரமா ஒரு ஸ்டியரிங்கச் சரி பண்ணத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? அந்த மனுஷன் எத்தன வருஷமா ஆசப்பட்டுட்டு இருக்காருன்னு தெரியுமாடா?"

"தெரியும்க்கா. என்னால சரி பண்ண முடியல."

அவள் என்னையும் வண்டியையும் சேர்த்து இன்னும் திட்டினாள். மாமாவுக்குக் கேட்கட்டும் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.