உதவி கேட்க ஓர் உறவு

வேர்லெயும் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள்.

பிரஸ்ஸல்ஸில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா நாடுகளிலிருந்தும் ஏழைகளை வரவழைத்து, ஓட்டலில் தங்கவைத்து, மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். சட்டையில் குத்தும் அட்டையில் சொந்தப் பெயர் மட்டும்தான் இருக்கும். குடும்பப் பெயரை யாரும் கேட்கக் கூடாது. மேடையில் ஆய்வாளர்கள் குறிப்பெடுப்பார்கள். வறுமையை எப்படி அளப்பது என்று யார் கேட்டாலும் அந்தக் கட்டடத்தில் வேர்லெயின் அறையைத்தான் கைகாட்டுவார்கள்.

அவளுடைய புது அறிக்கை அன்று மாலை முடிவாக வேண்டும். அதில் ஒரு வரிக்காக அமைச்சகங்கள் காத்திருந்தன. வீட்டைச் சூடாக்க வழியில்லை என்கிறவர்களில் பெரும்பாலோருக்கு உதவி கேட்க ஓர் உறவு இருக்கிறது. ஆகவே எரிபொருள் உதவியை உறவில்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அந்த வரியை எழுதியவள் அவள்.

காதில் மாட்டிய கருவியில் ஆங்கிலம் ஓடிக்கொண்டிருந்தது. தன் தாய்மொழியான டச்சில் யாராவது பேசினாலும் அவள் அதை மாற்றுவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வாள், தலையை நிமிர்த்துவதும் இல்லை. மொழிபெயர்க்கும் இளம்பெண்ணின் குரலில் யாரோ ஒரு பெல்ஜியக்காரரின் கதை வந்தது.

"போன கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தங்க வந்தாங்க. இருந்த நேரம் பூரா கோட்டைக் கழட்டவே இல்ல. வாயைத் தெறந்தா ஆவி பறக்குது. 'என்ன, பாய்லர் கெட்டுப்போச்சா?'ன்னாங்க. ஆமான்னேன். வீட்டைச் சூடாக்க அதை எரிக்கக் காசில்லன்னா சொல்ல முடியும்? வீட்டுக்குப் போனதும் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. பாய்லர் ரிப்பேர்காரர் நம்பர். என் பேரைச் சொல்லு, சீக்கிரம் வருவான்னு வேற. மனசு தங்கம்."

டச்சு தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மற்ற மொழிக்காரர்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. வேர்லெயும் சிரித்துக்கொண்டே, 'நல்ல மேற்கோள், முதல் பக்கத்துக்கு' என்று அடித்தாள்.

அடித்த விரல் அப்படியே நின்றது. அந்த நம்பரை அனுப்பியது அவள்தான்.

நிமிர்ந்தாள். கடைசி வரிசையில் மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தான் யோரிஸ். அவள் தம்பி. ஆல்ஸ்ட் ஊரில் அச்சகத்தில் வேலை, தனிக்கட்டை, குறையொன்றுமில்லை. தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

மதியம் சூப் வரிசையில் அவனைப் பிடித்தாள். அவன் பக்கத்தில் அயர்லாந்துப் பிரதிநிதி நோரீன் நின்றாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

"மேடம், இவனுக்கு ரெண்டு சாண்ட்விச்சா எடுத்து வைங்க. ஒண்ணு போதும்பான், அப்புறம் என் தட்டையே பாத்துட்டு நிப்பான்" என்றாள் நோரீன்.

"ஆய்வாளர் மேடத்துக்கு என்கிட்ட ஏதோ கேக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு யோரிஸ் ஜன்னல் பக்கம் நடந்தான்.

"என்னடா இது?" என்றாள் வேர்லெ.

"கூட்டம். நடத்துறது நீ, கேக்குறது என்னையா?"

"வேலை இருக்குன்னியே."

"இருந்துச்சு. அச்சகத்தை மூடி நாலு வருஷமாச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா? இன்னொரு நம்பர் அனுப்பியிருப்ப."

அவன் சூப்பை ஊதிக் குடித்தான்.

"கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. உங்க ஆளுதான். கஷ்டம்னா கேக்க யாராவது இருக்காங்களான்னுச்சு. அக்கா இருக்கான்னேன். இல்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவளுடைய வரிக்குள் அவன் இருந்தான். 'இருக்கிறது' என்ற பக்கத்தில். அவனைப் போல் இன்னும் எத்தனை பேர் வெட்கப்பட்டு 'இருக்கிறது' என்று சொல்லியிருப்பார்கள்?

"யோரிஸ், நான்..."

"ஒண்ணும் பண்ணாத. எங்க ஊர்ல என்னை மாதிரி இல்லாதவங்க ஓட்டுப் போட்டு என்னை அனுப்பியிருக்காங்க. போன தடவை ஒருத்தன் அதிகாரியோட மச்சான்னு தெரிஞ்சதும் அன்னைக்கே துரத்திட்டாங்க. இங்க நான் யாருக்கும் தம்பி இல்ல. அப்படியே விட்ரு."

"சரி" என்றாள்.

மதியத்துக்குப் பிறகு கூட்டத் தலைவர், ஓர் ஆஸ்திரியக்காரர், அவளுடைய வரியைத் திரையில் போட்டார். அமைச்சகத்துக்காரர் ஒருவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"காலையில பெல்ஜிய நண்பர் சொன்ன கதையே இதுக்குச் சாட்சி. தேடி வர ஒரு சொந்தம் இருக்கு. அவர் வாயைத் தெறந்து கேக்கணும், அவ்வளவுதான். இதுல அரசாங்கம் எதுக்குக் காசு போடணும்?"

சிலர் தலையாட்டினார்கள். வேர்லெ எழுந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

"அந்தச் சொந்தக்காரி நான்தான். அவர் என் தம்பி. அந்த வீட்ல நான் குளிர்ல உக்காந்திருந்தேன். எனக்குப் புரியல."

சொல்லி முடித்தபோது தைரியமான காரியம் செய்ததுபோல் இருந்தது. கடைசி வரிசையைப் பார்க்கும்வரைதான். எல்லாத் தலைகளும் யோரிஸ் பக்கம் திரும்பியிருந்தன. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நோரீன் தன் நாற்காலியை அவனிடமிருந்து நகர்த்திக்கொண்டாள்.

"உங்க அக்காவா? அவங்கதான் உன்னை உள்ள கொண்டுவந்தாங்களா?" என்று கேட்டாள். சத்தமாக.

யோரிஸ் மைக்கை வாங்கினான்.

"இந்த மேடம் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றான். "எனக்கு அக்கா கிடையாது. வேற யாரையோ நெனச்சுக் குழம்பிட்டாங்க போல."

அவன் வேர்லெயை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. மிரட்டலும் இல்லை.

"மேடம்?" என்றார் தலைவர்.

இருபது வருடமாக அவள் சேர்த்த நல்ல பெயர் அந்த மேசையில் பணயமாக இருந்தது. தம்பியோடு எடுத்த புகைப்படங்கள் கைப்பையில் இருந்த போனில் இருந்தன. நிரூபிக்க ஒரு நிமிடம் போதும்.

"மன்னிக்கணும். ஆள் மாறிடுச்சு" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோரீன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்தாள்.

"அப்போ இந்த வரி?" என்றார் தலைவர்.

"எடுத்துடுங்க."

"காரணம் வேணுமே. காலை வரைக்கும் நீங்கதானே பிடிவாதமா இருந்தீங்க?"

"அது உண்மைன்னு என்னால சொல்ல முடியாது."

"ஆதாரம்?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.